வாசகர் கேள்வி பதில்: கருத்தரங்கு முடிந்த பின் என்ன கேட்பது?

கேள்வி: எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த மாணவர்களின் பெற்றோருக்காக எங்கள் தோட்டப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் அண்மையில் சூம் வழியாக உயர்கல்விக் கருத்தரங்கு ஒன்றை நடத்தியது. முடிந்ததும் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு கூகுள் படிவத்தை அனுப்பி, ‘நிகழ்ச்சி பயனாகவும் தெளிவாகவும் இருந்ததா?’, ‘பேச்சாளர் சிறப்பாக விளக்கினாரா?’ என்று கேட்டிருந்தோம். பதிலளித்த அனைவரும் ‘மிக நன்று’ என்றே குறித்திருந்தனர். அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. கேள்விகளை எப்படி அமைக்க வேண்டும்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் கேட்ட கேள்விகள் ‘ஆம்’ என்ற பதிலைத் தாமே எடுத்துக் கொடுக்கின்றன. தம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியரே பேச்சாளராக வந்திருந்தால், அவர் சரியாக விளக்கவில்லை என்று எழுத எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. முதல் கேள்வியில் பயன், தெளிவு என இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். பயன் இருந்தும் பாதி புரியாமல் போனவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்?

படிவத்தைத் தொடங்குவதற்கு முன் செயலவையினர் கூடி, அடுத்த கருத்தரங்கில் எவற்றையெல்லாம் மாற்ற உங்களால் இயலும் என்று எழுதிக்கொள்ளுங்கள்: நடத்தும் நேரம், நீளம், பேசும் மொழி, கேள்வி கேட்கக் கொடுக்கும் அவகாசம். ஒரு கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால், அக்கேள்வி படிவத்தில் இருக்கத் தேவையில்லை.

பயிற்சிகளை மதிப்பிடுவதற்கு அமெரிக்கரான டோனல்ட் கெர்க்பேட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் நான்கு படிகளை வகுத்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, கற்றதைச் செயலில் காட்டினார்களா, அதனால் விளைவு ஏற்பட்டதா. உங்கள் படிவம் முதற்படியிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் படிக்கு, ‘மெட்ரிகுலேஷனுக்கும் யூ.பி.யூ.வுக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான முன்னது கல்வி அமைச்சின் கீழும், அரசு உயர்கல்விக்கூடங்களுக்கான சேர்க்கை முறையான பின்னது உயர்கல்வி அமைச்சின் கீழும் வருவதால் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பலர் ‘போதும்’ என்று குறித்திருந்தால், எந்தப் பகுதியை மீண்டும் விளக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும். மூன்றாம் படிக்கான கேள்வியை அன்றைய படிவத்தில் சேர்க்க இயலாது. விண்ணப்ப நாள் முடிவதற்குச் சற்று முன், ‘விண்ணப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் எந்த இடத்தில் தடை ஏற்பட்டது?’ என்று புலனத்தில் தனியாகக் கேளுங்கள். எனக்கு இதுவே மிக முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது, ஏனெனில் பதிலைப் படித்த கையோடு அந்தக் குடும்பத்திற்கு உதவ இன்னும் நேரம் இருக்கும்.

பேச்சாளரைப் பற்றிய கேள்வியை, ‘எந்தப் பகுதியை இன்னும் மெதுவாக விளக்கியிருக்கலாம்?’ என்று மாற்றுங்கள். இதற்குப் பதிலளிப்பவர் யாரையும் குறைகூற வேண்டியதில்லை. ‘வேகம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘மிக மெதுவு, மெதுவு, சரி, வேகம், மிக வேகம்’ என இருபுறமும் சமமாக விரியும் ஐந்து தெரிவுகளைக் கொடுங்கள். ‘நன்று, மிக நன்று, மிக மிக நன்று’ என ஒரே பக்கம் சாய்ந்த தெரிவுகளால் எதையும் அறிய முடியாது.

இயங்கலை நிகழ்ச்சிக்கென்று சில கேள்விகள் உண்டு. கைப்பேசியில் பார்த்தார்களா, ஒலி விட்டுவிட்டு வந்ததா, இணையத் தொடர்பு அறுந்ததா என்பனவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். செம்பனைத் தோட்டங்களின் நடுவே அலைவரிசை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் வெளியேறியவர்கள் பெரும்பாலும் படிவத்தை நிரப்புவதில்லை, ஆனால் உங்களுக்கு மிகவும் தேவையான பதில் அவர்களிடம்தான் உள்ளது. யார் எப்போது வெளியேறினார் என்பதைச் சூமின் பங்கேற்பாளர் அறிக்கையில் பார்த்து, ‘எதனால் தொடர முடியவில்லை?’ என்ற ஒரே கேள்வியை அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: படிவத்தில் பெயரைக் கேட்கலாமா? எத்தனை கேள்விகள் இருக்கலாம்?
— வாசகர், பாகான் செராய்

பதில்: பெயரைக் கட்டாயமாக்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரியைத் திரட்டும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். உதவி தேவைப்படுவோர் மட்டும் தொலைபேசி எண்ணை எழுத, கடைசியில் ஓர் இடம் விட்டால் போதும். ஆறேழு கேள்விகளுக்கு மேல் போனால் பாதியிலேயே கைவிடுவார்கள். நன்றியுரைக்குப் பின் படிவத்தை அனுப்புவதைவிட, அதற்கு முன்பே இணைப்பைக் கொடுத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். தட்டச்சு செய்யச் சிரமப்படும் பெற்றோர் குரல்பதிவாகப் பதில் அனுப்பலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.