கன்றுக்குக் கழிச்சல்: பாலை நிறுத்தலாமா?

கேள்வி: பிறந்து பத்து நாளான கன்று நேற்று முதல் நீராகக் கழிகிறது. பால் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். தொழுவத்திலுள்ள மற்ற கன்றுகளுக்கும் இது பரவுமா?

பதில்: பரவும். எனவே அதை உடனே பிரித்து, காய்ந்த வைக்கோல் பரப்பிய கதகதப்பான இடத்தில் வையுங்கள். நலமான கன்றுகளைக் கவனித்து முடித்த பிறகே இதனிடம் செல்லுங்கள். இந்நோய்க் கிருமிகளுள் சில மனிதரையும் தாக்குவதால், ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவுவது அவசியம்.

பாலை நிறுத்தியதுதான் தவறு. பலரும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது. கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட, கழிச்சலோடு வெளியேறும் நீரும் உப்புகளுமே என்பதால், வழக்கமான பாலுடன், இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, கன்றுகளுக்கான எலக்ட்ரோலைட் கரைசலை (இழந்த நீரையும் உப்புகளையும் ஈடுசெய்யும் கரைசல்) வேளைக்கு 2 லிட்டர் வீதம் நாளுக்கு இருமுறையாவது புகட்ட வேண்டும். உடலில் நீர் குறைந்துள்ளதா என்று அறிய, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா, கண்கள் குழிவிழுந்துள்ளனவா என்று பாருங்கள்.

கன்று சப்ப மறுத்தால் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். சப்பாத, எழ முடியாத, உடல் குளிர்ந்த அல்லது சாணத்தில் இரத்தம் காணும் கன்றுக்குக் கால்நடை மருத்துவர் நரம்புவழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்; தாமதிக்காமல் அழையுங்கள். இவ்வயதுக் கழிச்சலுக்கு வைரஸும் ஒட்டுண்ணியும் அடிக்கடி காரணமாவதால், நீங்களாகவே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த ஈற்றில், கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலைக் கொடுத்துவிடுங்கள்.