ஒட்சிசன் சென்சரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் காரில் எஞ்சின் விளக்கு அணைவதில்லை, பெற்றோலும் கூடுதலாகச் செலவாகிறது. ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: சோதிக்காமல் மாற்றிவிடாதீர்கள். புகையில் மிஞ்சியுள்ள ஒட்சிசனை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்வதே இந்தச் சென்சர். சாதாரண சிர்க்கோனியா (ஒருவகைப் பீங்கான்) வகை முன்சென்சராயின் (எஞ்சினுக்கு அருகிலுள்ளது), எஞ்சின் சூடேறியபின் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே விரைந்து ஏறி இறங்க வேண்டும். எஞ்சின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரின் திரையில் அந்த மின்னழுத்தக் கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தாலும் சென்சர்தான் பழுது என்று முடிவுகட்ட இயலாது, ஏனெனில் அதற்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பின் சிறு வெடிப்பு வழியே உட்புகும் வெளிக்காற்றும் இதே குறைந்த அளவைக் காட்டச் செய்து, கணினியைக் கூடுதல் பெற்றோல் விடவைத்துச் செலவையும் கூட்டிவிடும். நம் கரையோர உப்புக்காற்றில் துரு விரைவாகப் பிடிக்கும். ஆகவே, ஆறிய எஞ்சினை இயக்கி, அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்துள்ளதா, ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்சர் வயரின் பிளக்கில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.