அந்த ரெக்கார்டு மறுபடி வருமா?

போன இதழில் டீனா புரூக்ஸ் என்ற சாக்ஸபோன்காரரைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சினிமாக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க ஜாஸ் ரெக்கார்டுதான். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டீனா புரூக்ஸ் தன் பெயரில் நான்கு ஆல்பம் பதிவு செய்தார், உயிரோடு இருந்தபோது ஒன்றுதான் வெளியானது என்று எழுதியிருந்தீர்கள் சார். காசு செலவழித்துப் பதிவு செய்துவிட்டு எந்தக் கம்பெனியாவது பரணில் போட்டு வைக்குமா?
வாசகர், கோவை

போட்டு வைத்தது, அதுவும் ப்ளூ நோட் மாதிரி பெயரெடுத்த கம்பெனி. 1939இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் லயன் என்கிற ஜெர்மன்காரர் தொடங்கியது. அப்புறம் அவருடைய சின்ன வயது நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் வந்து சேர்ந்தார். ப்ளூ நோட் அட்டைகளில் நாம் பார்த்துப் பார்த்து மயங்குகிற படங்களில் பெரும்பாலானவை இவர் எடுத்தவை. லயனுக்கு ஒரு பழக்கம், நன்றாக வாசிக்கிற ஆளைக் கண்டால் கூப்பிட்டுப் பதிவு செய்துவிடுவார், ஒத்திகைக்குக்கூடக் காசு கொடுப்பார். அந்தக் காலத்தில் வேறு பலர் அதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு சின்னக் கம்பெனி வருஷத்துக்கு எத்தனை ரெக்கார்டைத்தான் அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, விற்ற பணத்தை வசூலித்து மூச்சு விட முடியும்? பதிவானதில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே தங்கிப்போனது.

டீனா என்றதும் பெண் என்று நினைத்து இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, ஆள் சின்ன உருவம், சிறுவயதில் கேலியாகக் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ஹெரால்ட் ஃபிளாய்ட் புரூக்ஸ். தன் பெயரில் முதல் பதிவு 1958 மார்ச்சில். கூட வாசித்தவர்கள் லீ மார்கன், சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், ஆர்ட் பிளேக்கி. இப்படிப் பெரிய கைகளாக ஒரு ஜமாவை வைத்துப் பதிவு செய்துவிட்டு வெளியிடவில்லை என்றால் என்ன சொல்வது! 1960 ஜூனில் 'ட்ரூ ப்ளூ', அது ஒன்றுதான் கடைக்கு வந்தது. அதே வருஷம் பதிவான 'பேக் டு த டிராக்ஸ்' கதைதான் வயிற்றெரிச்சல். 4052 என்று எண் கொடுத்தாயிற்று, அட்டை தயார், மற்ற ரெக்கார்டுகளின் உள்ளுறையில் அச்சிடுகிற பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது, ரெக்கார்டு மட்டும் வரவே இல்லை. பட்டியலை நம்பி எத்தனையோ பேர் பழைய கடை பழைய கடையாக ஏறி இறங்கினார்கள், அச்சே ஆகாத ஒன்றைத் தேடி. 1961இல் நான்காவது பதிவு, அதுவும் பெட்டிக்குள் போனது. அதற்கப்புறம் ஸ்டூடியோவில் அவர் வாசிக்கவே இல்லை. போதைப் பழக்கம் உடம்பைத் தின்றுவிட, 1974 ஆகஸ்டில் 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வருஷம்தான், 1975இல், மைக்கேல் கஸ்கூனா என்ற இளைஞருக்கு ப்ளூ நோட் டேப்புகள் இருந்த கிடங்கின் கதவு திறந்தது. இசைக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் 'நீங்கள் வாசித்து வெளிவராமல் போனது ஏதாவது உண்டா?' என்று கேட்டு வருஷக்கணக்கில் குறித்து வைத்திருந்த ஆள் அவர். உள்ளே போனால் பல டேப் பெட்டிகளில் விவரம் அரைகுறை. போட்டுக் கேட்டு, இது யார் வாசிப்பு, அது யார் டிரம் என்று வாசித்தவர்களிடமே விசாரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு சார்லி லூரி என்ற நண்பரோடு சேர்ந்து மொசைக் என்று ஒரு கம்பெனி தொடங்கி, 1985இல் டீனா புரூக்ஸின் நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாக வெளியிட்டார்கள். வாசித்தவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து. கஸ்கூனாவும் 2024இல் காலமாகிவிட்டார்.

நான் தேடுகிற ஆல்பத்தை வெளியிட்ட சின்ன லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) எழுபதுகளிலேயே மூடிவிட்டது. மறுபதிப்பு வர வாய்ப்பு உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா.
வாசகர், திருநெல்வேலி

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னிக்கவும். முதலில் டேப் இருக்க வேண்டும். இருந்தால் அது யாருடையது என்று காட்டக் காகிதம் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் யாராவது ஒரு பிடிவாதக்காரர் அதன் பின்னால் அலைய வேண்டும்.

டேப் விஷயத்தில் பெரிய கம்பெனி என்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் கிடங்கு எரிந்தது. வெளிவராத பதிவுகளும், ஒரே பாட்டை மறுபடி வாசித்துப் பதிந்த மாற்று டேக்குகளும் ஏராளமாக அதில் போயின. 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பிடித்த தீயில் மாஸ்டர் டேப் எனப்படும் மூல டேப்புகளும் எரிந்தன என்பது, 2019இல் பத்திரிகையில் வரும்வரை வெளியுலகத்துக்குச் சரியாகத் தெரியாது. தீக்குத் தப்பினாலும் ஈரம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஐம்பதுகளின் டேப் பல இன்னும் நன்றாக ஓடுகிறது, எழுபதுகளில் வந்த சில ரகங்கள்தான் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு வைத்தியம், ஐம்பது டிகிரி சூட்டை ஒட்டி அடுப்பில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை வாங்குவது. வடகம் காய வைக்கிற வேலைதான், கொஞ்சம் பயத்தோடு. காய்ந்ததும் சட்டென்று ஓடவிட்டு நகல் எடுத்துவிட வேண்டும், விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

காகிதம் இன்னும் தலைவலி. மூடிய கம்பெனியை இன்னொருவர் வாங்கியிருப்பார், அவரை வேறொருவர் விழுங்கியிருப்பார், கடைசியில் டேப்பை வைத்திருக்கிறவருக்கு உரிமை இருக்காது, உரிமை இருக்கிறவருக்குத் தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நல்ல நோக்கத்தோடு செய்ததும் சிக்கலாகலாம். 1971இல் நியூயார்க்கில் சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கௌவலும் தொடங்கிய ஸ்ட்ராட்டா ஈஸ்டில் மாஸ்டர் டேப் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அந்தந்த இசைக்காரருக்கே சொந்தம். நியாயமான ஏற்பாடு, எனக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதையே அதனால்தான். ஆனால் ஒரு பெட்டியாக எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்றால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும், ஆள் இல்லையென்றால் வாரிசுகளைத் தேட வேண்டும்.

உங்கள் லேபிள் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

ஹாங்க் மோப்ளியின் 1568 அவ்வளவு விலை போகிறதே, அதில் அப்படி என்ன பாட்டு இருக்கிறது?
வாசகர், சேலம்

பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் விலை பாட்டுக்கு இல்லை. சாக்ஸபோன்காரர் மோப்ளி 1957இல் பதிவு செய்த, 1568 என்று எண் போட்ட அந்த ப்ளூ நோட் ரெக்கார்டின் முதல் அச்சு குறைவு, நல்ல நிலையில் கிடைத்தால் பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருக்கிறது. ரெக்கார்டின் நடுவில் ஒட்டிய லேபிள் காகிதத்தில் கம்பெனி முகவரி எப்படி அச்சாகியிருக்கிறது, அங்கே வட்டமாகப் பள்ளம் இருக்கிறதா, ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் 'ஆர்விஜி' முத்திரை இருக்கிறதா, ஊசி ஓடி முடிகிற வெற்றிடத்தில் காது மாதிரி ஒரு சின்னம் கீறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியோடு உட்காருவார்கள். அந்தக் காது, அச்சடித்த பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் 'பி' எழுத்து. நானும் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வரும் மறுபதிப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா? திருட்டுப் பதிப்பா?
வாசகி, புதுச்சேரி

அங்கே சட்டப்படி சரிதான் அம்மா. ஒலிப்பதிவு உரிமை ஐரோப்பாவில் முதலில் 50 ஆண்டு, அப்புறம் 70 ஆக நீட்டினார்கள், ஆனால் 2013இல் அது நடைமுறைக்கு வருவதற்குள் 1962 வரை வெளியானவை பொதுச்சொத்தாகியிருந்தன. ஜாஸின் பொற்காலம் என்று சொல்கிற ஐம்பதுகள் முழுக்க அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அதனால் ஒலிப்பதிவுக்காக யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தராமல் அச்சடிக்கலாம்.

சரி, எதிலிருந்து அச்சடிக்கிறார்கள்? மாஸ்டர் டேப் அவர்கள் கையில் இல்லையே! பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்து ரெக்கார்டில் போடுகிறார்கள். சிடியை ரெக்கார்டாக வாங்குவதற்கு சிடியையே வாங்கிவிடலாம், இடமும் அடைக்காது. மூல டேப்பிலிருந்து எடுத்ததா என்பதை அட்டையின் பின்புறம் தேடுங்கள். மூல டேப் என்றால் பெருமையாகப் போடுவார்கள், மழுப்பலாக ஏதாவது எழுதியிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். ப்ளூ நோட்டே 2019இலிருந்து டோன் போயட் என்ற வரிசையைக் கொண்டுவருகிறது, ஜோ ஹார்லி மேற்பார்வை, மாஸ்டரிங் (டேப்பின் ஒலியை ரெக்கார்டுக்குத் தயார் செய்கிற வேலை) கெவின் கிரே. விலை கூடத்தான், ஆனால் கேட்டால் தெரியும். டீனா புரூக்ஸின் முதல் பதிவு 'மைனர் மூவ்' அதில் வந்திருக்கிறது.

மறுபதிப்பு வந்தால் என்னிடம் இருக்கும் ஒரிஜினலின் விலை இறங்கிவிடுமே அண்ணே?
வாசகர், ஈரோடு

இறங்கலாம். சில சமயம் ஏறவும் செய்யும், புதிதாகக் கேட்டவர்கள் முதல் பதிப்பைத் தேடி வருவார்கள். ஆனால் மறுபதிப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஆளாக நீங்கள் இருந்தால், உங்களோடு எனக்கு ஒத்துப்போகாது தம்பி. பழைய ரெக்கார்டை நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் வாசித்தவர் குடும்பத்துக்கு ஒரு பைசா போகாது, விற்றவர் பைக்குத்தான் போகும். முறையான மறுபதிப்பில்தான் ஏதோ கொஞ்சமாவது போக வழி இருக்கிறது.

யூட்டா ஹிப் என்று ஒரு பியானோக்காரி. ஜெர்மனியில் லைப்ஸிக்கில் பிறந்து, 1955இல் நியூயார்க் வந்து, 1956இல் ப்ளூ நோட்டுக்காக மூன்று ஆல்பம் வாசித்தார். அப்புறம் பியானோவை விட்டுவிட்டுத் துணித் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போய்விட்டார், ஓய்ந்த நேரத்தில் படம் வரைவார். ஜப்பானியர்கள் அவர் ரெக்கார்டைத் தங்கமாகத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் எங்கே இருக்கிறார் என்பது கம்பெனிக்கே தெரியாது, காசோலை அனுப்ப முகவரி இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் கண்டுபிடித்துச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்தார்கள். 2003இல் இறந்துபோனார்.

ஜப்பானிய ஜாஸ் ஒன்று இணையத்தில் கேட்டேன், ரியோ ஃபுகுய் என்று பெயர். ஒரிஜினல் எங்கே கிடைக்கும்?
வாசகர், யாழ்ப்பாணம்

உங்களைக் கேட்காமலே யூடியூப் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும், இல்லையா? எல்லோருக்கும் அப்படித்தான். 'சீனரி', 1976, சப்போரோவில் பதிவானது. மனிதர் 22 வயதில்தான் பியானோவைத் தொட்டார், அதுவும் தானாகவே கற்றுக்கொண்டு. ஆறு வருஷத்தில் இந்த ஆல்பம். சொன்னால் நம்ப முடியாது, 'எர்லி சம்மர்' பாட்டில் இடது கை போகிற வேகத்தைக் கேளுங்கள். வாழ்நாளில் பெரும்பகுதி சப்போரோவிலேயே இருந்தார், மனைவியோடு ஸ்லோபோட் என்ற சின்ன ஜாஸ் கிளப் நடத்தினார், 2016 மார்ச்சில் காலமானார். உலகம் லட்சக்கணக்கில் கேட்கத் தொடங்கி, சுவிட்சர்லாந்தில் ஒரு சின்ன லேபிள் 2018இல் மறுபதிப்பு கொண்டுவந்தபோது அவர் இல்லை.

ஒரிஜினல் வேண்டாம், மறுபதிப்பையே வாங்குங்கள். பிடிவாதமாக ஜப்பான் ஒரிஜினல்தான் என்றால் ஒரு விஷயம்: அட்டையின் இடது ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும், ஓபி என்பார்கள். அதை ஏதோ விளம்பரம் என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் விலையில் நல்ல பங்கு போய்விடும். நான் கிழித்திருக்கிறேன்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
வாசகர், மதுரை

'இன்னொரு ரேக்கா?' என்கிறார்கள்.

மறுபதிப்பு அறிவித்தவுடன் வாங்க வேண்டுமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? கொஞ்சம் கைக்கடி.
வாசகர், திருச்சி

பெரிய கம்பெனியின் சாதாரண வரிசை என்றால் பொறுக்கலாம், மறுபடி அச்சடிப்பார்கள். மொசைக் மாதிரி எண்ணிக்கை வரம்பு போட்டு வெளியிடுகிறவர்களிடம் பொறுமை செல்லாது. அவர்கள் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட படிகளுக்கு வாடகைக்கு வாங்குகிறவர்கள். தீர்ந்தால் அந்தப் பெட்டி தீர்ந்ததுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பெட்டிக்கு ஆசைப்பட்டு, தீபாவளி போனஸ் வரட்டும் என்று ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். போனஸ் வந்தது, பெட்டி தீர்ந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் மூன்று மடங்கு விலையில், சுங்கவரி வேறு கட்டி வரவழைத்தேன். பிரித்தால் மூன்றாவது தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. ஊசி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், ஆனால் குதிக்காது. இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.