அவனே சொல்லிக்கொள்ளும் வார்த்தை, நான் சொன்னால் மட்டும் தப்பா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வயது 29. ஏசி, ஹீட்டர் ரிப்பேர் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீஸில் கணக்கு வேலை. வேனில் வெளியே போகும் மெக்கானிக் பையன்களில் பாதிப் பேர் இத்தாலிய வம்சாவளி. அதில் ஒருவன் எனக்கு நல்ல பழக்கம். தலையில் ஜெல், கழுத்தில் தங்கச் செயின், ஜிம் உடம்பு. அவனும் கூட்டாளிகளும் ஒருவரையொருவர் 'க்வீடோ' (இத்தாலியர்களைக் கேலியாகச் சொல்லும் வார்த்தை) என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். போன மாதம் மதியச் சாப்பாட்டில் நானும் விளையாட்டாக, "என்ன க்வீடோ, ஜிம், டேன், லாண்ட்ரி எல்லாம் ஆச்சா?" என்று கேட்டேன். மேஜையே அமைதியாகிவிட்டது. அதிலிருந்து வேலை விஷயம் தவிர அவன் என்னிடம் எதுவும் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்கவா, அப்படியே விட்டுவிடவா?
- பெயர் வேண்டாம்

பதில்: கேட்டுவிடுங்கள். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு முறை மேஜை அமைதியாகும்.

'ஜிம், டேன், லாண்ட்ரி' உங்களுக்கு அவன் சொல்லிக்கொடுத்ததாக இருக்காது. எம்டிவி சேனல் சொல்லிக்கொடுத்தது. 2009 டிசம்பரில் ஆரம்பித்து 2012 வரை ஓடிய 'ஜெர்சி ஷோர்' தொடர். நியூ ஜெர்சியின் சீசைட் ஹைட்ஸ் கடற்கரையில் எட்டுப் பேரை ஒரு வீட்டில் வைத்து, அவர்கள் குடிப்பதையும் சண்டை போடுவதையும் படம்பிடித்தார்கள். உடற்பயிற்சி செய்வது, தோலைப் பழுப்பாக்கிக்கொள்வது, துணி துவைப்பது, இந்த மூன்றும்தான் அவர்களுடைய அன்றாடக் கடமை. நானும் பார்த்துச் சிரித்தவன்தான், மறைப்பானேன். ஆனால் அதில் புகழ்பெற்ற ஸ்னூக்கி சிலி நாட்டில் பிறந்து, இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். அதே தொடரில் வந்த ஜேவாவ் என்ற பெண்ணின் பூர்வீகம் ஐரிஷும் ஸ்பானிஷும். அப்படிப் பார்த்தால், உங்கள் நண்பன் எப்படிப்பட்டவன் என்று நாட்டுக்கே காட்டிய முகங்களில் சில அவன் இனமே இல்லை.

இதற்கு முந்தைய கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம்தான், பகலில் பெயின்ட் கடையில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை இரவு டிஸ்கோவில் ராஜாவாகும் நியூயார்க் புரூக்ளின் பகுதி இத்தாலியப் பையனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதற்கு மூலம் 1976-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் நிக் கோன் எழுதிய கட்டுரை. நேரில் பார்த்து எழுதியதாக அச்சானது. இருபது வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார், பெரும்பாலும் கற்பனை என்று. கதாநாயகனுக்கு மாதிரியாக இருந்தவன் அவருக்கு லண்டனில் பழக்கமான ஒரு பையனாம். இதையெல்லாம் படித்த பிறகும், செயின் போட்டவனைப் பார்த்தால் அந்தப் படம்தான் நம் மனதில் ஓடுகிறது.

சரி, படம் பொய் என்றால் அவர்கள் ஏன் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்கிறார்கள்? க்வீடோ என்பது இத்தாலியில் சாதாரணமான ஆண்பிள்ளைப் பெயர். அமெரிக்காவில் அது நாகரிகம் தெரியாத இத்தாலியன் என்ற இளக்காரமானது. இத்தாலியர்களுக்கு அங்கே விழுந்த அடி சின்னதல்ல. 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியர்களைக் கொன்றது. தென் இத்தாலியிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தவர்களை 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டது. பிற்பாடு 1980-களில் புரூக்ளினின் பென்சன்ஹர்ஸ்ட் பக்கம் வளர்ந்த பையன்கள் அந்த இளக்கார வார்த்தையை எடுத்துத் தாங்களே அணிந்துகொண்டார்கள். ஜெல், செயின், கையில்லாத பனியன், பளபளவென்று துடைத்த கமாரோ கார், அதற்குள் அலறும் ஃப்ரீஸ்டைல் என்ற டான்ஸ் பாட்டு. கையில் காசு குறைவு, காலேஜ் படிப்பு பெரிதாக இல்லை, இருந்தாலும் அந்தப் பகுதியின் 86-வது தெருவில் காரை மெதுவாக ஓட்டிப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். டொனால்ட் ட்ரிகாரிகோ என்ற சமூகவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். இது வெறும் கேலிச் சித்திரமில்லை, இளைஞர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பாணி என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதற்காக எல்லாவற்றையும் இனிப்பாக்கிச் சொல்ல மாட்டேன். 'இது எங்கள் தெரு' என்ற அதே பெருமைதான் 1989-ல் அங்கே காட்டுமிராண்டித்தனமானது. கார் வாங்கலாம் என்று பார்க்க வந்த யூசுஃப் ஹாக்கின்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையனைக் கும்பல் சூழ்ந்துகொண்டது, சுட்டுக் கொன்றார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'ஜெர்சி ஷோர்' தொடரை எதிர்த்து அதிகம் குரல் கொடுத்தவை படித்த, வசதியான இத்தாலிய-அமெரிக்கர்களின் சங்கங்கள். 2010 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் இத்தாலிய-அமெரிக்க ஆய்வு நிறுவனம் க்வீடோ பாணியைப் பற்றிக் கருத்தரங்கு வைத்தபோது, இதையெல்லாம் பேசுவதே அவமானம் என்று அதே சமூகத்து ஆட்களே சீறினார்கள். 2011-ல் அந்தத் தொடருக்கான 4,20,000 டாலர் வரிச் சலுகையை ரத்து செய்த அன்றைய நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியும் தாய்வழியில் சிசிலிக்காரர்தான். டிவியைத் திட்டியது நியாயம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் 'இந்த ஜெல் தலைப் பையன்கள் நம் மானத்தை வாங்குகிறார்கள்' என்ற முகச்சுளிப்பும் கொஞ்சம் இருந்தது. வெளியார் ஒரு பக்கம் சிரிக்க, கோட்டுப் போட்ட சொந்தக்காரர் இன்னொரு பக்கம் முகம் சுளிக்க, நடுவில் மாட்டிக்கொண்டவன் உங்கள் நண்பன்.

அவன் நாளெல்லாம் மொட்டை மாடியிலும் நிலவறையிலும் முழங்கால் போட்டு வேலை செய்கிறவன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து அவன் சம்பளக் கணக்கைப் பார்க்கிறவர். கூட்டாளி சொன்னால் அது 'நம்மாளு'. ஆபீஸ் நாற்காலியிலிருந்து வந்தால் 'கீழே நிற்கிறவன்'. நீங்கள் இந்தியர் என்பதால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாற்காலிதான் காரணம். உங்களுக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது, தெரியும்.

அதனால் தனியாக இருக்கும்போது, வேன் பக்கம் போய், இரண்டே வரியில் முடித்துவிடுங்கள்: "அன்னைக்கு நான் அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. ஸாரி." 'டிவியில் பார்த்தேன்', 'நீயும்தானே சொல்கிறாய்' என்று நீட்ட வேண்டாம். அவன் "அட விடு" என்று தோளில் தட்டலாம், வெறுமனே தலையாட்டிவிட்டும் போகலாம். இரண்டுக்கும் தயாராக இருங்கள். நாளைக்கு அவனே சிரித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

அப்புறம், அந்தச் செயினைக் கவனித்துப் பாருங்கள். சின்ன மிளகாய் மாதிரி ஒரு கொம்பு தொங்குகிறதா? கோர்னிச்செல்லோ என்பார்கள். மலோக்கியோ, அதாவது கண் திருஷ்டி படாமலிருக்கப் போடுவது. நம் ஊர் எலுமிச்சை, மிளகாயைப் பற்றி அவனிடம் சொன்னால் ஒரு மதியச் சாப்பாடு பேச்சிலேயே ஓடிவிடும். மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே மட்டும் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.