ஒரு காலுக்கு இரண்டு வழக்கு

கேள்வி: என் கணவர் டைல்ஸ் ஒட்டுபவர். 14 மாதத்துக்கு முன் பைக்கில் போகும்போது மினி வேன் மோதி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூட்டுவரை துண்டு துண்டாக உடைந்தது. மூன்றாம் நாளே தனியார் மருத்துவமனையில் இரண்டு பிளேட் வைத்தார்கள். 12 நாளில் சீழ் பிடித்தது. வேறு மருத்துவமனையில் மூன்று முறை ஆபரேஷன். இப்போது கால் பாதிதான் மடங்குகிறது, குத்தவைத்து உட்கார முடியவில்லை. விபத்து வழக்கு நடக்கிறது. முதலில் பிளேட் வைத்த டாக்டரின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும், நுகர்வோர் கோர்ட்டில் 40 லட்சம் கேட்க வேண்டும். எப்படி?
- ஒரு வாசகி

சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, "உங்க விதி" என்றார், கையுறைக்கெல்லாம் பில் போட்டார்கள். உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் இது எதுவும் கோர்ட்டில் எடுபடாது. சீழ் பிடித்தது என்பது மட்டுமே கூடப் போதாது. மூட்டை ஒட்டிய இந்த வகை முறிவில் எல்லாம் சரியாகச் செய்தாலும் சீழ் பிடிப்பது உண்டு, மூட்டு இறுகிப்போவதும் உண்டு. கன்சென்ட் ஃபார்மில் அது இருக்கும், அதன் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். சிகிச்சை பலிக்காமல் போனதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் எல்லா மருத்துவமனையும் முதலில் எடுத்து வைக்கும். லைசென்ஸ் பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

உங்கள் வழக்கு மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி கால் பானையாக வீங்கி, முட்டிக்குக் கீழே தண்ணீர்க் கொப்புளம் கிளம்பியிருந்ததாகவும், நாத்தனாருக்கு அனுப்ப போட்டோ எடுத்ததாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எலும்புக்கு மேல் சதை குறைவு. அதனால் வீக்கம் அதிகமிருந்தால் வெளியே கம்பி போட்டு எலும்பை நிறுத்தி, வீக்கம் வடிந்து தோல் சுருங்கும்வரை காத்திருந்து பிறகு பிளேட் வைப்பதுதான் வழக்கம். அதற்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். கொப்புளம் இருந்த தோலைக் கிழித்து ஏன் மூன்றாம் நாளே வைத்தார்கள்? கேள்வி இது ஒன்றுதான். அவசரக் காரணம் ஏதாவது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். எனவே நர்ஸ் குறிப்புகள் உட்பட எல்லா ஆவணமும் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. அதை இன்னொரு எலும்பு மருத்துவரிடம் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்காமல் நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறாதீர்கள். இரண்டு வருடக் கெடுவில் இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிரான அந்த எம்.சி.ஓ.பி.தான் (விபத்து இழப்பீட்டு மனு) பெரிய தொகை தரப்போவது. என்னிடம் வந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு விபத்தில் கணுக்கால் மூட்டு உடைந்திருந்தது. கோபத்தில் தானே நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டிருந்தார். "விபத்தில் ஏற்பட்ட காயம் சாதாரணமானது, டாக்டர்தான் என் காலை ஊனமாக்கினார்" என்று அதில் ஒரு வரி. விபத்துத் தீர்ப்பாயத்தில் குறுக்கு விசாரணையன்று இன்சூரன்ஸ் வக்கீல் அந்த மனுவின் நகலை எடுத்து நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? ஊனத்துக்குக் காரணம் டாக்டர்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எங்க கம்பெனி எதுக்குப் பணம் கட்டணும்?" அந்த வாதம் முழுசாக ஜெயிக்கவில்லை. ஆனாலும் தொகை குறைந்தது, வருடங்கள் போயின. கூண்டில் நின்ற அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் லைசென்ஸை ரத்து செய்யத் துடிக்கும் டாக்டர்தான் விபத்து வழக்கில் உங்கள் சாட்சி. சிகிச்சையே கொடுக்காத டாக்டர் எழுதித் தரும் ஊனச் சான்றிதழைத் தீர்ப்பாயம் எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்பதோடு அது நிற்கவில்லை, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்க்கச் சொன்னது. ஒரு கணக்குப்பிள்ளைக்கு மடங்காத முழங்கால் ஒரு தொந்தரவு. நாள் முழுக்கத் தரையில் குத்தவைத்து டைல்ஸ் ஒட்டும் மனிதருக்கு அதோடு தொழிலே போயிற்று. இதைச் சொல்ல எலும்பு மருத்துவர் ஒருவர் கூண்டேற வேண்டும். இரண்டாவது மருத்துவமனை டாக்டர் வந்தால் மிக நல்லது, முதலாமவரையும் சம்மன் அனுப்பித்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: மருத்துவமனையோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். நிபுணர் கருத்து கையில் வந்ததும், கொப்புளம், தேதி, போட்டோ ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ். திட்டு ஒரு வார்த்தை வேண்டாம். "விபத்துக் காயத்தால் நேர்ந்த ஊனம், இந்தச் சிகிச்சையால் மேலும் மோசமானது" என்ற வாசகம்தான் இரண்டு வழக்கையும் காப்பாற்றும். பின்னால் நடந்த மூன்று ஆபரேஷன் செலவையும் ஒரு நியாயமான தொகையையும் கேளுங்கள். 40 லட்சம் என்று ஆரம்பித்தால் பேச்சே நடக்காது. டாக்டர் சாட்சி சொல்வதைப் பேரத்தில் சேர்க்கவே கூடாது. மருத்துவமனை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்த பில் தொகையை மறுபடி தீர்ப்பாயத்தில் கேட்காதீர்கள், பிடிபட்டால் மற்ற பில்களையும் நம்பமாட்டார்கள்.

விபத்து வழக்கை மட்டும் அவசரப்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் முடிக்காதீர்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. மூட்டுக்குள் உடைந்த முழங்கால் பிற்காலத்தில் தேய்ந்து, மூட்டு மாற்று சிகிச்சைவரை போகலாம். அப்போது போய் இன்னொரு தொகை கேட்க முடியாது என்று நாகப்பா வழக்கிலேயே (2003) தீர்ந்துவிட்டது. அந்தச் செலவுக்கான மதிப்பீட்டை டாக்டரிடம் எழுதி வாங்கி இப்போதே மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் அதைச் சேர்த்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள்.

அந்த போட்டோ எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி அந்த போட்டோவுக்குச் சான்றிதழ் தர அந்தக் கருவியே கையில் இருப்பது நல்லது. நாத்தனாரும் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.