கரு ஏன் தங்கலன்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் டாக்டர் இல்லைங்க, அத முதல்லயே சொல்லிடறேன். கருத்தரிப்பு சிகிச்சை பண்ற இடத்துல லேப்ல 14 வருஷம் ஓடிடுச்சு, மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சே பாதி நாள் போயிடும். மருந்து, டோஸ் எல்லாம் கேக்காதீங்க. எந்த டெஸ்ட் எதுக்கு, எங்க என்ன தடங்கல் வரும்னு கேளுங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 27. எட்டு மாசமா ட்ரை பண்றோம், தங்கல. வீட்ல உடனே டாக்டர பாருங்கறாங்க. இப்பவே போகணுமா?

பொதுவா 12 மாசம் பாத்துட்டு போனா போதும்மா. 35 வயசு தாண்டிட்டா 6 மாசம். ஆனா பீரியட்ஸ் மாசக்கணக்குல வராம இருக்கு, இல்ல வலில சுருண்டு படுக்கறீங்க, இல்ல அவருக்கு சின்ன வயசுல விதை இறங்காம ஆபரேஷன் நடந்திருக்குன்னா இந்தக் கணக்கெல்லாம் பாக்காம இப்பவே போயிடுங்க.

இன்னொண்ணு, 14ஆம் நாள்னு எல்லாரும் மனப்பாடமா சொல்வாங்க, அது 28 நாள் சுழற்சி இருக்கறவங்களுக்கு. உங்களுக்கு 35 நாளைக்கு ஒருக்கா வருதுன்னா முட்டை வெளிய வர்றது 21ஆம் நாள் வாக்குல. முட்டைக்கு ஆயுசு மிஞ்சிப்போனா 24 மணி நேரம், விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் தாங்கும், அதனால முட்டை வர்றதுக்கு முன்னாடி நாட்கள்தான் முக்கியம், வந்தப்புறம் ஓடிப் பிடிக்க முடியாது.

கேள்வி: எனக்கு ஸ்கேன், ஹார்மோன் எல்லாம் நார்மல். கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கற ட்யூப் டெஸ்ட்டும் பண்ணியாச்சு, வலி உயிர் போச்சு. வீட்டுக்காரர் மட்டும் டெஸ்ட்டுக்கு வரமாட்டேங்கறார். "எனக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு"ங்கறார்.

இந்தக் கேள்விக்குத்தான் உக்காந்திருந்தேன். குழந்தை தங்காத தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு, தனியாவோ பெண் பக்கத்தோட சேந்தோ. தாம்பத்யம் நல்லா இருக்கறதுக்கும் விந்தணு இருக்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது. வெளிய வர்ற திரவத்துல பெரும்பங்கு விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுரக்கறது, அணு அதுல ரொம்பக் கொஞ்சம். அணு இருந்தாலும் இல்லாட்டியும் கண்ணால பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு தடவ ஒரு விந்து சாம்பிள் வந்துது, அளவு, நிறம் எல்லாம் சரியா இருந்துது. ஸ்லைடு வெச்சா வெறும் வெள்ளத் திட்டு, ஒண்ணு கூட நகரல. மெஷின்ல வேகமா சுத்த விட்டு அடில தங்கறத எடுத்துப் பாத்தேன், அதுலயும் ஸீரோ. அந்தப் பொண்ணோட ஃபைல புரட்டினா அதுக்குள்ள ஒரு லேப்ராஸ்கோபியே, அதான் வயித்துல ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாக்கற ஆபரேஷனே, முடிஞ்சிருந்துது. எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இருக்கே! வலியே இல்லாத டெஸ்ட்ட கடைசில வெச்சா எப்படி?

ஸீரோன்னு வந்தாலும் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. உற்பத்தி நடந்து வழில அடைப்பு இருக்கலாம், இல்ல உற்பத்தியே குறைஞ்சிருக்கலாம், எஃப்எஸ்ஹெச் மாதிரி ஹார்மோன் ரத்த டெஸ்ட் வெச்சு எதுன்னு பிரிப்பாங்க. அடைப்புன்னா விதைலேந்தே அணு எடுக்க வழி இருக்கு.

கேள்வி: எனக்கு விந்தணு கவுண்ட் ஒரு மில்லிக்கு 9 மில்லியன். கீழ 16 இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு குழந்தையே பொறக்காதா?

தம்பி, 16ங்கறது பாஸ் மார்க் மாதிரி கிடையாது. ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆம்பளைங்கள எடுத்து, அதுல அடிமட்ட 5 சதவீதம் எங்க முடியுதோ அந்தக் கோடு. கோட்டுக்குக் கீழ இருந்தும் அப்பா ஆனவங்க இருக்காங்க.

கடந்த மூணு மாசத்துல நல்ல ஜுரம் வந்துதா? ஒரு அணு உருவாக சுமார் 74 நாள் ஆகும், அதனால போன ஜுரம் இன்னைக்கு ரிப்போர்ட்ல தெரியும். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவ குடுங்க. நின்னுட்டு இருக்கும்போது விதைப்பைல ரத்தக்குழாய் புடைச்ச மாதிரி இருந்தா வெரிகோசீல், அது அங்க சூட்ட ஏத்தும், காட்டுங்க. அப்புறம் உடம்பு ஏத்தறேன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடறீங்களா? வெளிலேந்து வர்றதால மூளை, உள்ள உற்பத்தி பண்ணச் சொல்ற சிக்னல நிறுத்திடும், கவுண்ட் ஸீரோ வரைக்கும் போகும். போட்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

கேள்வி: பிசிஓடி, 60 நாளைக்கு ஒருக்காதான் பீரியட்ஸ். நீர்க்கட்டிய ஆபரேஷன்ல எடுத்துட்டா சரியாகுமா?

பேரு வெச்சவங்கள சொல்லணும். ஸ்கேன்ல தெரியறது ஓவரிக்குள்ள முட்டை வளர்ற குட்டிப் பைங்க பாதில வளர்ச்சி நின்னுபோனது, எடுத்து வீசற கட்டி கிடையாது. முட்டை முழுசா வளந்து வெடிக்கலங்கறதுதான் பிரச்சனை, நிறைய பேருக்கு பின்னாடி இன்சுலின் சரியா வேலை செய்யாம இருக்கும். எடை கூட இருந்தா 5லேந்து 10 சதவீதம் குறைஞ்சாலே பல பேருக்கு முட்டை தானா வர ஆரம்பிக்கும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பிசிஓடி வரும், அவங்கள எடை குறைன்னு படுத்தக்கூடாது. அதுக்கு முன்னாடி தைராய்டும் புரோலாக்டின்ங்கற ஹார்மோனும் பாத்தாச்சான்னு கேளுங்க, அது ரெண்டும் இதே மாதிரி பீரியட்ஸ தள்ளிப்போடும்.

கேள்வி: 33 வயசு, ஏஎம்ஹெச் 0.9. இனி இயற்கையா தங்காதுன்னு சொல்லிட்டாங்க.

ஏஎம்ஹெச்ங்கற ரத்த டெஸ்ட் சொல்றது ஓவரில முட்டை கையிருப்பு எவ்வளவுன்னு. தரத்த சொல்லாது. மாசாமாசம் ஒரு முட்டை சரியா வந்துட்டு இருந்தா இந்த ஒரு நம்பர வெச்சு தங்காதுன்னு சொல்லிட முடியாது. ஆனா காலத்த கடத்தாதீங்க, வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

கேள்வி: பீரியட்ஸ் அப்போ வாந்தி வர அளவு வலி, சேரும்போதும் வலிக்குது. ஸ்கேன் நார்மல்னுட்டாங்க.

எண்டோமெட்ரியோசிஸ் இருக்கான்னு கேளுங்க. ஆரம்ப நிலைல ஸ்கேன்ல தெரியாமலே இருக்கும். கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளந்து ஒட்டிக்கிட்டு ட்யூப், ஓவரிய எல்லாம் இழுத்துப் பிடிச்சிடும். பொம்பளைங்கன்னா வலி இருக்கத்தான் செய்யும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

கேள்வி: முதல் குழந்தைக்கு 6 வயசு. நடுவுல ஒரு அபார்ஷன், க்ளீன் பண்ணாங்க. அதுக்கப்புறம் தங்கவே இல்ல.

க்ளீன் பண்ணதுலேந்து பீரியட்ஸ் ரொம்பக் கம்மியா போகுதா? அப்படின்னா கர்ப்பப்பை உள்ள ஒட்டிக்கிட்டிருக்கலாம், ஹிஸ்டரோஸ்கோப்பில கேமரா விட்டுப் பாத்துடுவாங்க. ட்யூபும் பாக்கணும். ஒரு குழந்தை இருக்கேன்னு அவர் டெஸ்ட்ட விட்டுடாதீங்க, ஆறு வருஷத்துல அவருக்கும் மாறியிருக்கலாம்.

கேள்வி: ட்யூப் டெஸ்ட் வரைக்கும் போனேன்னு மேல கேட்டவங்களோட வீட்டுக்காரர் நான்தான். படிச்சேன். சாம்பிள் வீட்லயே எடுத்துட்டு வரலாமாங்க?

வரலாம் சார். கடைசியா சேந்து 2லேந்து 7 நாள் இடைவெளி இருக்கட்டும். லேப்ல குடுக்கற டப்பாலயே எடுங்க, சாதாரண காண்டம், ஜெல் எதுவும் வேண்டாம். சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்துடுங்க, ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, அப்படியும் கொண்டு வந்தவங்க இருக்காங்க. முதல்ல வர்ற பங்குலதான் அணு அதிகம், அது சிந்திட்டா வெக்கப்படாம லேப்ல சொல்லிடுங்க, நாங்க எழுதி வெச்சுப்போம், இன்னொரு நாள் குடுத்துக்கலாம்.