வீட்டு இணைப்பில் மும்முனை மோட்டார் ஓடுமா?

கேள்வி: பழைய சிறிய லேத் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதில் இருப்பது 1 எச்.பி. மும்முனை மோட்டார்; என் வீட்டில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. கண்டன்சர் போட்டால் போதும் என்கிறார் வைண்டிங் கடைக்காரர். டிரைவ் என்ற மின்னணுக் கருவியை வாங்கச் சொல்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இரண்டு வழியிலும் மோட்டார் சுழலும். ஆனால் லேத்துக்கு நண்பர் சொல்வதே பொருந்தும்.

எதையும் வாங்குவதற்கு முன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். நம் நாட்டில் இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று வைண்டிங்குகளின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிடுவது) என்றே வருகின்றன. ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்கும் பெறுவது 240 வோல்ட்தான் என்பதால், அதே வைண்டிங்குகளை டெல்டாவாக (ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்த்து முக்கோணமாக) மாற்றிவிட்டால் வீட்டின் 230 வோல்ட்டே அவற்றுக்கு ஏறக்குறைய முழு அழுத்தமாகிவிடும். மாற்றாமல் ஸ்டாரிலேயே விட்டால் வைண்டிங்குக்குக் கிடைப்பது 133 வோல்ட்; திருப்புவிசை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் பூட்டினால் போதும். மூன்றே இருந்தால் ஸ்டார் இணைப்பு உள்ளேயே முடிச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தரும் வேலைக்குத்தான் வைண்டிங் கடைக்காரர் உங்களுக்குத் தேவை. பிளேட்டில் 415 வோல்ட் டெல்டா என்றே இருந்தால் இந்த வழி உதவாது.

கண்டன்சர் முறையில், டெல்டாவின் இரு முனைகளில் மின்சாரத்தையும், மூன்றாவது முனையில் கண்டன்சர் வழியாக அதே மின்சாரத்தையும் கொடுக்கிறோம். கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் மோட்டாருக்கு 50 அளவில், 440 வோல்ட் தாங்கும் ரன்னிங் கண்டன்சர் வேண்டும். செலவு குறைவுதான். ஆனால் அந்த அளவு ஏதேனும் ஒரு சுமைக்கு மட்டுமே சரியாக அமையும். லேத்தில் சுமை ஒரே நிலையில் இருப்பதில்லை: உளி கடிக்கும்போது ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது; சமநிலை குலையும் ஒவ்வொரு முறையும் வைண்டிங் சூடேறுகிறது. புறப்படும் விசையும் குறைவு. சுமையின்றிப் புறப்படும் சாணை இயந்திரத்துக்கு இது போதும், லேத்துக்குப் போதாது.

டிரைவ் எனப்படும் வி.எஃப்.டி. ஒருமுனை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து 230 வோல்ட் மும்முனை மின்சாரத்தை உண்டாக்குகிறது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் திசையை மாற்றுவதும் கூடுதல் வசதி. ஒருமுனைப் பக்கத்தில் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும் என்பதால், 16 ஆம்பியர் தனி ஒயரும் நல்ல எர்த்தும் அவசியம். லேத்தின் பழைய சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்காதீர்கள். ஓடும்போது அதைத் துண்டித்தால் டிரைவ் பழுதாகலாம். அந்த சுவிட்சை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளில் இணைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி, சூடு தணியாது.

கேள்வி: எங்கள் கிணற்று மும்முனை மோட்டார், ஓடும்போது ஒரு ஃபேஸ் போனாலும் நிற்பதில்லை. அப்படியே விடலாமா?
– ஒரு விவசாயி, பல்லடம்

பதில்: கூடாது. நின்ற மோட்டார் ஒருமுனையில் உறுமுமே தவிரப் புறப்படாது. ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தொடர்ந்து ஓடும். சுமை குறையாததால் மீதி இரு ஒயர்களிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகி, வைண்டிங் கருகிவிடும். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரை ஸ்டார்ட்டரில் பொருத்துங்கள்.